தாளமும் தாள்களும்: லத்தீனோ ராப்பர்கள் குறித்து வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறிய லத்தீன் அமெரிக்க ராப் பாடகர்களின் வாழ்க்கை, தொழில் பற்றி வந்திருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: லத்தீனோ, ஹிஸ்பானிக், சிக்கானோ எல்லாம் ஒன்றுதானா? ராப்பர்கள் பிக் பன்னையும் பேட் பன்னியையும் குடியேறிகள் கணக்கில் சேர்க்கலாமா?

மூன்றும் வேறு வேறு. ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிய மொழி வழி வந்த பெயர். லத்தீனோ என்பது லத்தீன் அமெரிக்க நிலம் வழி வந்தது. அதனால் போர்த்துகீசியம் பேசும் பிரேசில்காரர் லத்தீனோ, ஆனால் ஹிஸ்பானிக் அல்ல. சிக்கானோ என்றால் மெக்சிகோ வேர் கொண்ட அமெரிக்கர். அந்தச் சொல்லில் அரசியல் தன்மானமும் கலந்திருக்கிறது.

அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவான போர்ட்டோ ரிக்கோவின் மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களுக்கு விசா தேவையில்லை, நாடு கடத்தப்படும் அச்சமும் இல்லை. பிக் பன் நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்தவர், பேட் பன்னி போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். இருவருமே குடியேறிகள் அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், கீழே வரும் பதில்கள் ஏன் இவ்வளவு தாள்களையும் படிவங்களையும் பற்றிப் பேசுகின்றன என்பது புரியும்.

கேள்வி: ராப் கறுப்பின அமெரிக்கர்களின் கலை. லத்தீனோக்கள் அது புகழ் பெற்ற பிறகு வந்து சேர்ந்தவர்கள்தானே?

கறுப்பினக் கலை என்பதில் ஐயமே இல்லை. பிறகு வந்தவர்கள் என்பதுதான் தவறு. 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிராங்ஸ், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் நடந்த விருந்தைத்தான் ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். அன்று இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க் ஜமைக்காவிலிருந்து வந்த குடியேறி. அதே தெருக்களில் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களும் வளர்ந்தார்கள். கோல்ட் கிரஷ் பிரதர்ஸ் குழுவின் டிஜே சார்லி சேஸ், ராக் ஸ்டெடி குழுவின் ஆட்டக்காரர் கிரேஸி லெக்ஸ் எல்லாம் தொடக்க காலத்திலேயே களத்தில் இருந்தவர்கள். மெக்சிகோ, கியூபா, பெரு என்று வெளிநாட்டில் பிறந்தவர்கள் ஒலிவாங்கியைப் பிடித்துப் பெயர் வாங்கியதுதான் சற்றுப் பிந்தியது.

கேள்வி: அப்படி வெளிநாட்டில் பிறந்து வந்து முதலில் பெரிய வெற்றி கண்டவர் யார்?

மெல்லோ மேன் ஏஸ். இயற்பெயரில் ரேயெஸ் என்ற குடும்பப் பெயர் வரும். கியூபாவில் பிறந்து, 1970-களின் தொடக்கத்தில் குழந்தையாகக் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சவுத் கேட் ஊரில் வளர்ந்தார். அண்ணன் சென் டாக், நண்பர்கள் பி-ரியல், டிஜே மக்ஸ் ஆகியோரோடு டிவிஎக்ஸ் என்ற பெயரில் குழுவாக இருந்துவிட்டு, 1988-ல் தனியே பிரிந்தார். 1990-ல் அவருடைய ‘மெந்திரோசா’ பாட்டு பில்போர்டு இதழின் முதன்மைப் பாட்டுப் பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறியது. பொய்க்காரி என்று பொருள். ஒரு வரி ஆங்கிலம், மறு வரி ஸ்பானியம் என்று சண்டை போடும் காதலர்களின் பேச்சுபோலவே போகும். அடியில் ஓடும் இசை சான்டானாவின் பழைய பதிவுகளிலிருந்து எடுத்தது. மெக்சிகோவில் பிறந்து வந்த ஒரு கிதார் கலைஞரின் இசைமேல் கியூபாவில் பிறந்து வந்த ஒரு பையன் பாடினான்.

மீதி மூவரும் சவுத் கேட்டின் சைப்ரஸ் அவென்யூ பெயரையே வைத்துக்கொண்டு சைப்ரஸ் ஹில் ஆனார்கள். 1991-ல் முதல் ஆல்பம். 1993-ல் வந்த இரண்டாவது ஆல்பம் ‘பிளாக் சன்டே’ வெளியான வாரமே முதலிடம். 2019-ல் ஹாலிவுட் நடைபாதையில் அவர்கள் பெயருக்கு நட்சத்திரம் பதித்தார்கள். லத்தீனோ ஹிப் ஹாப் குழு ஒன்றுக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கியூபாவிலிருந்து வந்தவர்களுக்கு 1966-ல் தனிச் சட்டம் ஒன்று இருந்தது. முறையாக அனுமதிக்கப்பட்டு உள்ளே வந்தவர், குறிப்பிட்ட காலம் தங்கினாலே நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். முதலில் அது இரண்டாண்டு, பின்னர் ஓராண்டு. அதே தெருவில் வளர்ந்த மெக்சிகோ, எல் சால்வடார் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட வழி இல்லை. ஒரே திறமை, ஒரே தெரு, ஆனால் பிறந்த நாட்டைப் பொறுத்து இருவரின் தொழில் போகும் பாதையே வேறாகிவிடும்.

கேள்வி: ஸ்பானியத்தில் ராப் எழுதுவது ஆங்கிலத்தைவிடக் கடினமா? இரண்டையும் கலப்பதில் ஏதாவது முறை உண்டா?

மிக நல்ல கேள்வி. முதலில் அளவைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 90 அடி போகும் பீட்டில் (பாட்டின் அடியில் ஓடும் தாள இசை) நான்கு அடி கொண்ட ஒரு ‘பார்’ 2.67 நொடி. அதைப் பதினாறு சிறு இடங்களாகப் பிரிக்கலாம். வழக்கமான 16 பார் பத்தி சுமார் 43 நொடியில் முடிந்துவிடும். பதினாறு இடத்தையும் அசையால் நிரப்பினால் மூச்சு விட இடமிருக்காது. மேடையில் மூன்றாவது வரியிலேயே குரல் தேயும். ஒரு வரிக்கு 11 முதல் 13 அசை வைத்து, மிச்சத்தை மூச்சுக்கு விடுவது பாதுகாப்பானது.

ஸ்பானியச் சொற்கள் பொதுவாக ஆங்கிலச் சொற்களைவிட நீளம். அதே கருத்தைச் சொல்ல அசை கூடுதலாகும். ஆனால் அந்த மொழியிலேயே அதற்கு மருந்தும் இருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் வரும் சொற்புணர்ச்சியைப் போல, உயிரில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் சொல் ஒட்டிக்கொள்ளும். ‘லா ஓத்ரா எஸ்கீனா’ என்றால் அடுத்த தெருமுனை. எழுத்தில் எண்ணினால் லா-ஓ-த்ரா-எஸ்-கீ-னா, ஆறு அசை. வாயில் வரும்போது ‘லாவ்-த்ராஎஸ்-கீ-னா’, நான்கே அசை. தாளில் எண்ணி எழுதும் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தாளில் சரியாக இருந்த வரி பீட்டில் பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். வாய்விட்டுச் சொல்லித்தான் எண்ண வேண்டும்.

கரீபியன் பகுதிக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அவர்கள் பேச்சில் சொல்லின் வால் உதிர்ந்துவிடும். ‘பாரா நாதா’ என்ற நான்கு அசை ‘பா நா’ என்று இரண்டாகும். சொல்லிறுதி ‘ஸ்’ கரையும். கியூபா, பனாமா, போர்ட்டோ ரிக்கோ ராப் அவ்வளவு வேகமாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மெக்சிகோ மேட்டுநிலத்திலிருந்து வந்தவர் அந்த வேகத்துக்கு ஆசைப்பட்டு அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டால், கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அவரவர் வட்டார வழக்கில் எழுதுவதே அழகு.

இயைபு பற்றி. ஸ்பானியத்தில் வினைமுடிவுகள் ஒரேமாதிரி இருப்பதால் இயைபு சுலபமாகக் கிடைக்கும். ‘கமினான்தோ, கந்தான்தோ, யொரான்தோ’ என்று நடந்து, பாடி, அழுது கொண்டே போகலாம். தமிழில் ஒவ்வொரு வரியையும் ‘வருகிறேன், போகிறேன், பார்க்கிறேன்’ என்று முடிப்பதைப்போலத்தான் அது; நாலு வரியில் சலித்துவிடும். ஒரு வரி பெயர்ச்சொல்லில் முடிந்தால் அடுத்தது வினையில் முடியட்டும். அல்லது உயிரொலி மட்டும் ஒத்துவரும் இயைபைப் பிடிக்கலாம். ‘கய்யே’ என்றால் தெரு, ‘மாத்ரே’ என்றால் தாய். இரண்டிலும் ஆ-ஏ ஓசை மட்டும் பொருந்துகிறது, காதுக்கு அது போதும்.

இரு மொழிக் கலப்பில் பலரும் தவறுவது வரிமுடிவில். பெரும்பாலான ஸ்பானியச் சொற்கள் ஈற்றயல் அசையில், அதாவது கடைசிக்கு முந்தைய அசையில், அழுத்தம் பெறும். ஆங்கிலத்தில் வரி முடிக்கப் பயன்படும் சிறுசொற்களோ கடைசி அசையிலேயே அழுத்தம் பெறுபவை. ஆகவே ‘கொராசோன்’, ‘அமோர்’, ‘அக்கீ’ போல ஈற்றில் அழுந்தும் ஸ்பானியச் சொற்களைத் தேர்ந்து வரி முடிவில் வைத்தால் ‘அலோன்’, ‘டோர்’, ‘மீ’ என்ற ஆங்கிலச் சொற்கள் இயல்பாக வந்து பூட்டிக்கொள்ளும். ஒரு வரிக்கு நடுவில் மொழி மாறுவதைவிட, ஒரு மூச்சின் முடிவில் மாறுவது தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: பெரிய நிறுவனம் ஏதும் இல்லாமல் ஒரு குடியேறி ராப்பர் முன்னுக்கு வர முடியுமா?

இம்மார்ட்டல் டெக்னிக் இருக்கிறாரே. 1978-ல் பெருவின் லிமாவில் பிறந்து, சிறு குழந்தையாக நியூயார்க்கின் ஹார்லெம் வந்தவர். அடிதடி வழக்கில் சிறை சென்று 1999-ல் பரோலில் வெளிவந்தார். பாரூக் கல்லூரியில் அரசியல் பாடம் படித்துக்கொண்டே நியூயார்க்கின் ராப் போட்டிகளில் பெயர் எடுத்தார். 2001-ல் முதல் ஆல்பத்தை எந்த லேபிளும் (இசைப்பதிவு நிறுவனமும்) விநியோகஸ்தரும் இல்லாமல் தானே வெளியிட்டு, தெருவில் நின்று கையில் கொடுத்து விற்றார். இரண்டாம் பாகம் 2003-ல் வைப்பர் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் வழியாக வந்தது.

அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு லேபிள் 50,000 டாலர் முன்பணம் தந்து 15 சதவீத ராயல்டி பேசுகிறது என்று வையுங்கள். ஆல்பம் 2,00,000 டாலர் வசூலித்தால் பாடகர் பங்கு 30,000. அது முன்பணத்தில் கழிந்துவிடும். இன்னும் 20,000 பாக்கி என்றே கணக்குப் புத்தகம் காட்டும். ஒலிப்பதிவு, வீடியோ செலவுகளும் அதே பாக்கியில்தான் ஏறும். இதற்கிடையில் தந்த முன்பணம் போக லேபிளின் கையில் 1,50,000. முன்பணத்தைப் பரிசாக எண்ணி ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, பிறகு திகைத்து நிற்பவர்கள் பலர். கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியது தொகையை அல்ல. மூலப் பதிவு யார் பெயரில் இருக்கும், எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்தச் செலவு திரும்பப் பிடிக்கப்படும் என்ற மூன்றையும்தான்.

தனியாக நிற்பவர் வேறொரு இடத்தில் பணத்தை விடுகிறார், அது உரிமை அமைப்புகளில் பெயர் பதியும் வேலையில். பாட்டு எழுதியதற்கான நிகழ்த்துரிமைத் தொகைக்கு ஆஸ்கேப் அல்லது பிஎம்ஐ என்ற அமைப்பில் பதிய வேண்டும். அமெரிக்க ஸ்ட்ரீமிங்கில் பாடலாசிரியருக்குச் சேரும் மெக்கானிக்கல் (நகலெடுப்பு உரிமை) தொகைக்கு, 2021-ல் செயல்படத் தொடங்கிய எம்எல்சி அமைப்பு. இணைய வானொலியில் பதிவு ஒலிப்பதற்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச். அது பதிவின் உரிமையாளருக்கு 50, முதன்மைப் பாடகருக்கு 45, பின்னணிக் கலைஞர்களுக்கு 5 சதவீதம் என்று பிரிக்கிறது. தானே பாடி, தானே உரிமையும் வைத்திருப்பவர் இரண்டு பங்குக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பாதிப் பேர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஸ்பானியப் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல். தந்தை வழி, தாய் வழி என்று இரண்டு குடும்பப் பெயர் இருக்கும். ஓரிடத்தில் இரண்டையும், இன்னோரிடத்தில் ஒன்றை மட்டும், மூன்றாமிடத்தில் மேடைப் பெயரை எழுதினால் கணினி மூன்று ஆட்களாகப் பார்க்கும். தலைமேல் கொம்பு போட்ட ‘ஞ’ ஓசை எழுத்து சில படிவங்களில் வெறும் ‘ந’ ஆகிவிடும். பணம் உரியவர் தெரியாத கணக்கில் போய் உட்காரும். ஆசிரியருக்குரிய ஐபிஐ எண்ணையும் பதிவுக்குரிய ஐஎஸ்ஆர்சி எண்ணையும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல எழுதுவதே இதற்கு மருந்து. ஸ்டுடியோவை விட்டு வெளியேறும் முன்பே யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி, பீட் செய்தவர் உட்பட எல்லாரும் ஒப்பமிட வேண்டும். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சு சண்டையில்தான் முடியும்.

கேள்வி: மெக்சிகோவில் இருக்கும் ராப்பர் சுற்றுலா விசாவில் போய் லாஸ் ஏஞ்சலஸில் ஒரே ஒரு கச்சேரி செய்தால் என்ன?

கூடாது. சம்பளத்துக்குப் பாடுவது சுற்றுலா விசாவில் அனுமதிக்கப்பட்ட செயல் அல்ல. பிடிபட்டால் அந்தப் பயணம் மட்டுமல்ல, அடுத்தடுத்த விசாக்களும் பாழ். ஒரே ஒரு சிறு கதவு உண்டு: ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு மட்டும் செய்ய பி-1 (B-1) விசாவில் வரலாம். ஆனால் அந்தப் பதிவு அமெரிக்காவுக்கு வெளியே மட்டுமே விற்கப்பட வேண்டும், பொது நிகழ்ச்சி எதுவும் இருக்கக் கூடாது.

முறையான வழி தனிப் பாடகருக்கு ஓ-1பி (O-1B) விசா. குழுவுக்கு பி-1பி (P-1B), அதற்குக் குழு குறைந்தது ஓராண்டாக இயங்கியிருக்க வேண்டும், உறுப்பினரில் 75 சதவீதம் பேர் ஓராண்டாவது அதில் இருந்திருக்க வேண்டும். பாடகர் தானே தனக்காக மனு போட முடியாது. அமெரிக்காவில் உள்ள நிறுவனமோ ஏஜென்டோ ஐ-129 படிவத்தில் மனு செய்ய வேண்டும். கூடவே ஒப்பந்தங்கள், தேதி வாரியான நிகழ்ச்சி நிரல், கலைஞர் சங்கத்தின் கருத்துக் கடிதம், தகுதிச் சான்றுகள். கிராமி போன்ற பெரிய விருதோ பரிந்துரையோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் பத்திரிகை விமர்சனம், விற்பனை வெற்றி, முக்கிய நிகழ்ச்சிகளில் முதன்மை இடம், உயர்ந்த ஊதியம் என்று விதிகள் சொல்லும் ஆறில் மூன்றையாவது காட்ட வேண்டும். ஒப்புதல் முதன்முறை மூன்றாண்டு வரை கிடைக்கும். அதன் பிறகுதான் தூதரக நேர்காணல்.

மனு எங்கே சறுக்குகிறது? யூடியூப் பார்வை எண்ணிக்கையின் படத்தை மட்டும் ஒட்டி, அது ஏன் பெரியது என்று விளக்காமல் விடுவது. ஸ்பானியப் பத்திரிகைச் செய்திகளைச் சான்றளித்த மொழிபெயர்ப்பு இல்லாமல் இணைப்பது. பரிந்துரைக் கடிதங்கள் ஐந்தும் ஒரே நடையில், ஒரே ஆள் எழுதியதுபோல இருப்பது. எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது டிஜேயை மறந்துவிடுவது! உடன் வருபவர்களுக்குத் தனி மனு வேண்டும். பாடகர் உள்ளே, பீட் போடுபவர் எல்லைக்கு வெளியே என்று நிற்க நேரும்.

வரியும் உண்டு. வெளிநாட்டுக் கலைஞரின் மொத்த ஊதியத்தில், செலவைக் கழிக்காமல், 30 சதவீதம் பிடிக்கப்படும். விமானம், தங்கல், டிஜே சம்பளம் போனபின் கையில் ஒன்றும் மிஞ்சாது. முதல் நிகழ்ச்சிக்குக் குறைந்தது 45 நாளுக்கு முன்பே 13930 படிவத்தில் வரித்துறையோடு ஒப்பந்தம் கேட்டால், செலவு போக மிஞ்சுவதன் மீது கணக்கிட வழி உண்டு.

கேள்வி: குடியேற்றத் தாள்கள் இல்லாமல் அங்கேயே வளர்ந்த பிள்ளைகள் பாடிச் சம்பாதிக்க முடியுமா?

ராயல்டி வாங்கக் குடியுரிமை தேவையில்லை. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவருக்கும் டபிள்யூ-7 படிவம் வழியாக வரித்துறை தரும் ஐடிஐஎன் எண் கிடைக்கும். சிக்கல் வேலை அனுமதியிலும் பயணத்திலும். 2012-ல் வந்த டாகா (DACA) ஏற்பாடு, 16 வயதுக்குள் வந்து 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து வசித்தவர்களுக்கு இரண்டாண்டு இரண்டாண்டாக வேலை அனுமதி தந்தது. வழக்குகளால் 2021 ஜூலை முதல் புதிய விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் நின்றது. டாகா உள்ளவரும் முன் அனுமதி பெறாமல் வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போனால் திரும்பி வர முடியாது. பார்சிலோனாவிலோ பொகோட்டாவிலோ ரசிகர்கள் காத்திருப்பார்கள். அவர் வீடியோவில் மட்டும் தெரிவார். ஒரு மேடைக் கலைஞருக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை.

கேள்வி: நிரந்தர வசிப்புரிமை தரும் பச்சை அட்டை (கிரீன் கார்டு) கிடைத்துவிட்டால் பயமில்லைதானே?

பாதிதான் உண்மை. 1996-ல் கடுமையாக்கப்பட்ட சட்டத்தின்படி, வன்முறைக் குற்றத்துக்கு ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கப்பட்டால் நிரந்தர வசிப்புரிமை உள்ளவரையும் நாடு கடத்தலாம். பல ஆண்டு கழித்தும் அது தலைதூக்கும். லத்தீனோ அல்ல என்றாலும் ஸ்லிக் ரிக் கதையை ஒவ்வொரு குடியேறி ராப்பரும் அறிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் பிறந்து, சிறுவனாக பிராங்ஸ் வந்தவர். தண்டனையை எப்போதோ அனுபவித்து முடித்தவர். 2002-ல் கரீபியன் உல்லாசக் கப்பலில் பாடிவிட்டு மயாமியில் இறங்கியபோது பிடித்துவைத்து, 17 மாதம் காவலில் வைத்தார்கள். 2008-ல் நியூயார்க் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

ஆகவே வழக்கு வந்தால், ‘ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடியும்’ என்ற பேச்சுக்கு உடனே தலையாட்டக் கூடாது. ஒப்புதலால் நாடு கடத்தல் வருமா என்பதைச் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் பதீயா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டும். 364 நாள் தண்டனைக்கும் 365 நாள் தண்டனைக்கும் நடுவே ஒரு வாழ்க்கை நிற்கிறது.

கேள்வி: எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

மிச்சோவாக்கானின் ஹிகில்பானில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸின் தெற்கில் வளர்ந்த இரு சகோதரர்களின் குழு ஆக்விட். 2003-ல் வந்த ‘ப்ரொயெக்தோ ஆக்விட்’ ஆல்பத்தில் பீட்டின் அடியில் பெற்றோர் தலைமுறையின் பண்டா என்ற மெக்சிகோ ஊதுகருவி இசை, அதன் பெரிய டியூபா ஊதலோடு ஓடுகிறது. முதலில் அந்த டியூபாவை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பிறகு குரலுக்கு வாருங்கள்.

அமெரிக்காவுக்கு வெளியேயும் பாருங்கள். ஹவானாவிலிருந்து பாரிஸ் போன ஒரிஷாஸ் இருக்கிறார்கள். சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியால் நாடு கடந்த சிலி நாட்டுப் பெற்றோருக்கு பிரான்சில் பிறந்து, 1993-ல் சிலிக்குத் திரும்பிய ஆனா தீஜூ இருக்கிறார். அவருடைய ‘1977’ பாட்டின் தலைப்பு அவர் பிறந்த ஆண்டு. குரலை உயர்த்தாமல், அவசரப்படாமல் பாடுகிறார். மேலே சொன்ன அசைக் கணக்கையும் மூச்சு விடும் இடத்தையும் காதால் பிடிக்க அதைவிடத் தெளிவான பதிவு கிடைப்பது அரிது.